பத்தொன்பது பேர் கடை

தமிழ்நாட்டில் வல்லம் என்ற பெயரில் ஊர்கள் பல. ஒரகடத்தை ஒட்டிய வல்லம் வடகாலில் சிப்காட் இருக்கிறது; அங்கே வேலைக்குச் சேருகிறவரிடம் ஆதாரோடு பி.எஃப். எண்ணையும் கேட்பார்கள். செஞ்சிக்குப் பக்கத்து வல்லத்தில் அப்படி இல்லை. இங்கிருந்து ஆட்கள் போவது அரிசி ஆலைக்கு, செங்கல் சூளைக்கு, செஞ்சிக் கடைத்தெருவின் துணிக்கடைக்கும் ஹோட்டலுக்கும். "பி.எஃப். உண்டா?" என்று கேட்டால், "நம்ம கடைக்கு அதெல்லாம் வராதுப்பா" என்பதே பதில். பெரும்பாலும் அது பொய்யில்லை என்பதுதான் சிக்கல்.

பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதிக்கான சட்டம் 1952இல் வந்தபோது ஆறு தொழில்களுக்கு மட்டும், குறைந்தது ஐம்பது பேர் உள்ள ஆலைகளுக்கு மட்டும் பொருந்தியது. 1960இல் ஐம்பது இருபதாயிற்று. அதற்குப் பிறகு அந்த எண் அசையவில்லை. பழைய சட்டத்துக்கு மாற்றாக வந்த 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு தொழில்களின் பட்டியலைத் தூக்கிவிட்டது, இருபதைத் தொடவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: நிறுவனம் சட்டத்துக்குள் வந்துவிட்டால், உள்ளே இருக்கும் தொழிலாளிக்கு இந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடு. முன்பெல்லாம் குறிப்பிட்ட காலம் வேலை செய்த பிறகே சேர்ப்பார்கள். 1990 நவம்பர் முதல் சேர்ந்த நாளிலிருந்தே உரிமை. நிரந்தரமா, தினக்கூலியா, ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆளா என்ற பேதம் கிடையாது. ஒருமுறை சட்டத்துக்குள் வந்த நிறுவனம், பிறகு ஆள் குறைந்தாலும் வெளியேற முடியாது. 2014இல் வந்த யு.ஏ.என். என்ற ஒரே கணக்கு எண்ணால் கடை மாறினாலும் கணக்கு கூடவே வருகிறது. ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டுப் போகிறவருக்கு வேறு எந்தத் திட்டமும் இவ்வளவு செய்வதில்லை.

ஆனால் வாசலில் நிற்கிறது அந்த இருபது. ஒரு துணிக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவேட்டில் பத்தொன்பது பெயர். தீபாவளிக்கு வரும் ஐந்து பெண்கள் எந்த ஏட்டிலும் இல்லை. மாடியில் இருக்கும் ரெடிமேட் பிரிவு தம்பி பெயரில் தனிக் கடை. கிளைகளையும் பிரிவுகளையும் ஒரே நிறுவனமாகக் கணக்கிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறதுதான். மாடிப்படி ஏறி வந்து எண்ணுவது யார்? முதலாளியைக் கெட்டவர் என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. இருபதாவது ஆளைச் சேர்த்தால் அந்த ஒருவருக்கு மட்டுமல்ல, இருபது பேருக்கும் கட்ட வேண்டும். பத்தொன்பதிலேயே நின்றுகொள் என்று சொல்லிக்கொடுப்பது சட்டம்தான்.

இலங்கையில் 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் ஒரே ஒரு ஊழியரை வைத்திருப்பவருக்கும் பொருந்தும். முதலாளி 12 சதவீதம், ஊழியர் 8 சதவீதம். அங்கும் ஏமாற்று உண்டு. ஆனால் "நம்ம கடைக்கு வராது" என்று சொல்ல முடியாது.

இரண்டாவது குறை சம்பள வரம்பு. 2014 செப்டம்பரில் வைத்த 15,000 ரூபாய் அப்படியே பத்தாண்டைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் சம்பளத்தில் புதிதாகச் சேருகிறவரை நிதியில் சேர்த்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விலைவாசியோடு சம்பளம் ஏற ஏற, சம்பளம் உயர்ந்ததாலேயே புதிதாகச் சேருகிறவரின் உரிமை போகிறது.

மூன்றாவது, ஓய்வூதியம். மாதம் 12,000 வாங்குகிறவருக்கு முதலாளி கட்டும் 1,440இல் ஏறக்குறைய 1,000 ரூபாய் ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. சேமிப்பில் சேர்வது 440தான். பத்து ஆண்டுப் பணி இருந்தால் 58 வயதில் மாதம் சுமார் 1,714 ரூபாய் வரும். ஒன்பது ஆண்டு மட்டும் என்றால் மாத ஓய்வூதியம் கிடையாது, ஒரு தொகையோடு சரி. சூளைக்கும் ஆலைக்கும் கடைக்கும் மாறி மாறிப் போகிறவருக்கு, அதிலும் பாதி இடங்களில் பிடித்தமே இல்லாதவருக்கு, பத்து ஆண்டு சேர்வது எளிதா?

நம் பேச்சிலும் ஒரு குறை இருக்கிறது. "பி.எஃப். பிடிக்கிறாங்க" என்கிறோம். பிடிப்பது மட்டும்தான் காதில் விழுகிறது, முதலாளி போடுவது விழுவதில்லை. கையில் முழுச் சம்பளம் வேண்டும் என்று தொழிலாளியே மறுப்பதும் நடக்கிறது. மாதக் கடைசியில் அவர் மறுப்பதில் நியாயம் இல்லாமலில்லை.

வரம்பை இருபதிலிருந்து ஐந்துக்காவது இறக்க வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வழி ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. இருபதுக்குக் கீழே இருந்தாலும், முதலாளியும் தொழிலாளர்களில் பெரும்பான்மையோரும் ஒப்புக்கொண்டால் நிறுவனம் தானாகச் சேரலாம்; இத்தகைய சிறு நிறுவனங்களுக்கு வழக்கமான 12 சதவீதம்கூட இல்லை, 10தான். பத்தொன்பது பேர் கடையில் முதலாளி சம்மதித்தால் இன்னும் பத்துக் கையெழுத்துப் போதும்.