மந்தத்தில் பவுனும் விளையும்

பொருளாதாரம் படுத்துவிட்டால் எது நிற்கும்? குமரி மாவட்டக் கருங்கலில் இதற்கு இரண்டு பதில்கள்தான் உண்டு: பவுன், விளை என்னும் தோட்ட நிலம். நம்பிக்கை சரியா என்று 1930களின் பெருமந்தத்தில் உரசிப் பார்க்கலாம். அன்று திருவிதாங்கூரில் இருந்த இந்தப் பகுதி, கொப்பரையும் ரப்பரும் உலகச் சந்தையில் விழுந்த வீழ்ச்சியை நேராக வாங்கிக்கொண்டது.

பவுனின் கணக்கு பார்வைக்குப் பழுதற்றது. 1927 சட்டப்படி ஒரு தோலா தங்கம் 21 ரூபாய் 3 அணா 10 பை. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்கத் திட்டத்தைக் கைவிட்டது. பவுண்டோடு கட்டப்பட்டிருந்த ரூபாயும் கூடவே இறங்கியது. ஆண்டு முடிவதற்குள் தோலா 30 ரூபாயை நெருங்கியது. 1929 செப்டம்பருக்கும் 1932 ஜூலைக்கும் இடையே நியூயார்க் பங்குக் குறியீடு 89 விழுக்காடு கரைந்ததை அருகில் வைத்தால், தங்கத்தின் தகுதியை மறுக்க வழியில்லை.

ஆனால் இந்த வாதம் விலையை அளக்கிறது, வைத்திருந்தவரை அளப்பதில்லை. அந்த ஆண்டுகளில் இந்தியத் தங்கம் கப்பல் கப்பலாக வெளியேறியது. விளைபொருளுக்கு விலையில்லை, வரியும் வட்டியும் குறையவில்லை. தாலியைத் தவிர மற்றதை விற்றவர்கள் ஏராளம். 1934-இல் அமெரிக்கா அவுன்ஸ் விலையை 20.67 டாலரிலிருந்து 35 டாலராக உயர்த்தியபோது, முதலில் விற்றவர் கையில் எதுவும் மிச்சமில்லை. தங்கம் தேறியது; கடன்பட்டவர் தேறவில்லை.

நிலத்துக்குக் கடுமையான சோதனை பர்மாவில் நடந்தது. நெல் விலை சரிந்ததும் நகரத்தார்ச் செட்டியார்கள் கொடுத்த கடன்கள் நிலமாகத் திரும்பின: கீழ் பர்மாவின் முக்கியமான 13 மாவட்டங்களில் 1930-இல் 6 விழுக்காடாக இருந்த அவர்களின் நிலப்பங்கு 1938-இல் 25 விழுக்காடு. ஏட்டில் பெருஞ்செல்வம், வாங்க ஆளில்லை. பிறகு போர், அதன்பின் நாட்டுடைமை.

விளையை இதே தராசில் நிறுத்துவது முழு நியாயம் ஆகாது. 1932-இல் லண்டனில் ரப்பர் ராத்தல் 2 பென்னிக்கும் கீழே போனது. வெட்டுக்கூலிகூடத் தேறாமல் பல தோட்டங்களில் பால்வெட்டு நின்றது. ஆயினும் வெட்டாத மரம் கெட்டுப்போவதில்லை, விலை திரும்பும்வரை காத்து நிற்கும். தென்னையின் ஊடே மரச்சீனிக் கிழங்கு இருந்தால் வீட்டில் அடுப்பும் எரியும். எந்த வருமான அட்டவணையிலும் ஏறாத நிறை இது. குறை, அவசரத்துக்கு விற்க முடியாதது. ஒற்றிக்கு வைத்த விளைக்கோ இந்த நிறையும் இல்லை.

ரொக்கத்தை நம் ஊர் குறைவாக மதிக்கிறது. விலைகள் விழும் மந்தத்தில் சும்மா கிடந்த ரூபாய்க்கும் வாங்கும் வலிமை ஏறியது. கேள்வி அது எங்கே கிடந்தது என்பதுதான். 1937-இல் இணைந்து உருவான திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி 1938 ஜூனில் கதவடைத்தது. அதில் திவான் சி.பி. ராமசாமி ஐயரின் அரசியலுக்கு எவ்வளவு பங்கு என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. பணம் போட்டவருக்கு அந்தச் சண்டையால் பயனில்லை. 1962 முதல் வைப்புக் காப்பீடு உண்டு, இப்போது ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை. எனினும் ரொக்கத்தின் அன்றைய வெற்றி அப்படியே திரும்பும் என்று சொல்ல மாட்டேன்: 2020-இல் நாட்டின் உற்பத்தி சுருங்கியது, விலைவாசி இறங்கவில்லை.

என் தீர்ப்பில் முதலிடம் அடகில்லாத பவுனுக்கு. அதுவும் ஓராண்டுச் செலவுக்கான வைப்பு காப்பீட்டு வரம்புக்குள் தனியே இருந்தால்தான், ஏனெனில் அந்த வைப்பே பவுனை அவசர விற்பனையிலிருந்து காக்கிறது. கடனில்லாத விளை அடுத்தது. கடைசி இடம், நகையை அடகு வைத்து விளை வாங்கும் நம் பழக்கத்துக்கு. ரப்பர் ஷீட் விலை விழும் மாதத்தில் வட்டி கட்டுவது நிற்கும், நகை ஏலத்துக்குப் போகும். விளையை விற்று மீட்கலாமென்றால் அந்த மாதம் அதை வாங்க யாரும் வரமாட்டார்கள்.