காலைக் கள்ளுக்கு நெத்தலி, மாலைக் கள்ளுக்குக் கருவாடு

வாடைக் காற்று ஓய்ந்து பங்குனி பிறக்கும்போது சல்லிக் கரையில் இரண்டு காரியங்கள் ஒன்றாகக் கூடிவரும். மாரி முழுக்கக் குமுறிக் கிடந்த கடல் படியும். வள்ளங்கள் தயங்காமல் இறங்கும். அதே நாட்களில் கரையோரப் பனைகள் பாளை தள்ளி நிற்கும். மீன் மலியும் காலமும் கள்ளு சுரக்கும் காலமும் ஒன்றாக அமைந்துவிட்டதால், திருகோணமலைக்கு வடக்கே உப்புவெளி, சல்லி, சாம்பல்தீவு, நிலாவெளி என்று நீளும் இந்தக் கரையில் கள்ளையும் மீனையும் பிரித்துப் பேச முடியாது.

ஆனால் நம்மில் பலர் கள்ளை வெறிக்காகக் குடிக்கிறோம். மற்றவர்கள் வெறிக்குப் பயந்து வாயிலேயே வைப்பதில்லை. இரண்டு தரப்பும் தவறவிடுவது ஒன்றைத்தான். கள்ளு மணிக்கு மணி மாறுகிறது. விடியலில் இறக்கிய முட்டியில் இருப்பதும், அதே முட்டியில் பொழுதுபட மிஞ்சியிருப்பதும் வேறு வேறு பானங்கள். ஆகவே கள்ளை ரசிக்கப் பழக விரும்புகிறவர் முதலில் பழக வேண்டியது நேரத்தை. எந்த நேரத்துக் கள்ளுக்கு எந்தக் கறி என்பது அதற்குப் பின்னால் தானாக விளங்கும்.

மாற்றம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். சீவல் தொழிலாளி தளைநாரைக் காலில் மாட்டி மரமேறி, பாளையை இறுகக் கட்டி, பதமாகத் தட்டி நசித்து, அதன் நுனியை நாளுக்கு இருமுறை மெல்லிசாகச் சீவிவிடுகிறார். சீவிய வாயிலிருந்து சொட்டுவது தெளிந்த, இனிப்பான சாறு. அதில் 100க்கு 10 பங்குக்குக் குறையாமல் சர்க்கரை உண்டு. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால் அது புளிக்காமல் கருப்பநீராகவே இறங்கும்; தமிழ்நாட்டில் பதநீர் என்பார்கள். சுண்ணாம்பு இல்லாத முட்டியில், நேற்றைய கள்ளின் மண்டியில் ஒட்டியிருக்கும் ஈஸ்டு சாறு விழ விழவே வேலையைத் தொடங்கிவிடும். வெளியிலிருந்து யாரும் எதையும் சேர்ப்பதில்லை. மரத்திலிருந்து இறங்கும்போதே அது பாதி கள்ளு. ஈஸ்டு சர்க்கரையைத் தின்று மதுவாகவும் வாயுவாகவும் மாற்ற, கூடவே லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் புளிப்பைக் கூட்ட, சில மணி நேரத்தில் மதுவின் அளவு 4 முதல் 6 சதவீதத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு அசெற்றிக் அமிலத்தின் ஆட்சி. மறுநாள் அதே திரவம் வினாகிரியாகும் வழியில் இருக்கும்.

இதோடு ஒப்பிட ஒரு வைனை எடுத்துக்கொள்வோம். இத்தாலியின் பீட்மாண்ட் மலைச் சரிவுகளில் நெபியோலோ என்ற திராட்சையிலிருந்து பரோலோ என்ற சிவப்பு வைனைச் செய்கிறார்கள். உலகம் தலையில் வைத்துக் கொண்டாடும் கனத்த வைன்களில் அதுவும் ஒன்று. சட்டப்படி அதைக் குறைந்தது 38 மாதம் வைத்திருந்த பிறகே விற்கலாம். அதில் 18 மாதம் மரப்பீப்பாயில் கிடக்க வேண்டும். அதைக் குடிப்பவர் எந்த ஆண்டுத் திராட்சை என்று கேட்டு, மூக்கருகே கொண்டுபோய் மணந்து, பக்கத்தில் எந்த இறைச்சி என்று யோசித்து, மெதுவாக உறிஞ்சுகிறார். அந்த மரியாதை முழுவதும் கள்ளுக்கும் பொருந்தும். பரோலோ ஆண்டுக்கணக்கில் கடக்கும் தூரத்தைக் கள்ளு ஒரு பகலில் கடந்துவிடுகிறது. இளமை, முதிர்ச்சி, தளர்ச்சி மூன்றையும் ஒரே நாளில், ஒரே முட்டியில் சுவைத்துப் பார்க்கும் வாய்ப்பு வேறு எந்த மதுவில் இருக்கிறது?

குடிக்கும் முறைக்கு வருவோம். வாங்கிய கள்ளைப் பன்னாடையில் ஊற்றி வடியுங்கள். பனையோலையின் அடியில் வலைபோலப் பின்னிக் கிடக்கும் அந்த நார், எறும்பையும் தேனீயையும் தூசியையும் தடுத்துவிட்டு வாசனையை அப்படியே விடும். மெல்லிய துணியும் போதும். பிறகு குருத்தோலையில் கோலிய பிளா ஒன்று கிடைத்தால் அதில் ஊற்றுங்கள். நுரை பொங்கி விளிம்புவரை வந்து, சீறியபடி அடங்கும். அடங்கிய பின் பாலுக்கும் அரிசி கழுவிய தண்ணீருக்கும் இடைப்பட்ட நிறத்தில் கலங்கலாக நிற்கும். அந்த வெண்மை, மிதக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும்தான். கள்ளு உயிரோடு இருப்பதற்கு அதுவே அடையாளம். கண்ணாடிக் குவளையில் பார்த்தால் அடியிலிருந்து ஊசிமுனைக் குமிழ்கள் ஏறுவதும் தெரியும். குமிழே இல்லாமல் சப்பென்று கிடந்தால் அது நேரம் கடந்தது, அல்லது தண்ணீர் கண்டது.

உடனே வாயில் வைக்க வேண்டாம். நுரை அடங்கியதும் மணந்து பாருங்கள். நல்ல பனங்கள்ளில் முதலில் வருவது பனங்கட்டி காய்ச்சும் அடுப்படியின் வாசம். அதன் பின்னால் புளித்த மாவின் வாசம், ஓலையின் பச்சை வாசம். முதல் மிடறை வாயில் சற்று நிறுத்துங்கள். இனிப்பு முந்தும், புளிப்பு தொடரும், விழுங்கிய பிறகு மெல்லிய கசப்பு ஒன்று தங்கும். அந்தக் கசப்பு பனைக்கே உரியது. தென்னங்கள்ளு இதைவிட மென்மையாக, வாசம் குறைந்து இருக்கும். புதிதாகப் பழகுகிறவருக்கு அது சுலபம். எனக்குப் பனைதான். மீனின் வாடைக்கும் மிளகாயின் உறைப்புக்கும் முன்னால் எழுந்து நிற்கும் கனம் பனங்கள்ளுக்குத்தான் உண்டு.

காலைக் கள்ளிலிருந்து தொடங்குவோம். வெயில் ஏறுமுன் கிடைக்கும் உடன்கள்ளில் இனிப்பு இன்னும் கரையவில்லை. மது குறைவு, குமிழ் மெல்லியது. இதற்கு வேண்டியது உறைப்பும் உப்பும். மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டி மொறுமொறுவென்று பொரித்த நெத்தலி போதும். கரைவலையில் வந்த சூடை என்றால் இன்னும் நல்லது. அவித்த மரவள்ளிக்கிழங்கும், செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் இடித்த சம்பலும் மீனில்லாத நாளுக்கு. உறைப்பு நாக்கில் எரியும்போது கள்ளின் சர்க்கரை அதைத் தணிக்கும். மது அதிகமுள்ள எந்தப் பானமும் அந்த எரிவைக் கூட்டவே செய்யும். 13 சதவீதத்துக்குக் குறையாத மதுவோடு வரும் பரோலோவை நம் மிளகாய்ப் பொரியலோடு குடித்தால் நாக்கு தீப்பிடித்ததுபோல் இருப்பது அதனால்தான். காலைக் கள்ளின் நலிந்த மதுவே இங்கே அதன் பலம்.

பதினொரு மணிக்கும் ஒரு மணிக்கும் இடைப்பட்ட கள்ளைத்தான் நான் உச்சம் என்பேன். இனிப்பு பாதியாகியிருக்கும்; புளிப்பு எழுந்து அதற்குச் சமமாக நிற்கும்; குமிழ் முழு வேகத்தில் இருக்கும். இந்தப் பொழுதுக்கு உரியது நண்டு. நண்டின் சதையில் இயல்பாகவே ஓர் இனிப்பு உண்டு. தேங்காய்ப்பாலும் வறுத்த கறித்தூளும் அதன்மேல் கொழுப்பும் உறைப்புமாகப் படிகின்றன. அதை உடைத்து, ஓட்டை உறிஞ்சி, விரலை நக்கிய வாயில் நடுப்பகல் கள்ளு ஒரு மிடறு போனால், குமிழும் புளிப்பும் கொழுப்பைத் துடைத்துவிடும். அடுத்த காலை உடைக்க வாய் புதிதாகிவிடும். தேசிக்காய் பிழிவதும் பழப்புளி கரைப்பதும் செய்கிற வேலையைக் கள்ளே செய்கிறது. ஆகவே சமைப்பவருக்கு ஒன்று சொல்வேன்: கள்ளோடு வைக்கப்போகும் நண்டுக் கறியில் புளியைப் பாதியாகக் குறையுங்கள். இரண்டு புளிப்பும் சேர்ந்தால் நண்டின் இனிப்பு செத்துவிடும். இறக்கும் நேரத்தில் ஒரு பிடி முருங்கையிலை போடுவதை மட்டும் விட்டுவிட வேண்டாம். அந்தப் பச்சைக் கசப்பு, கள்ளின் கடைசிக் கசப்போடு கைகோத்துக்கொள்ளும். களப்பு நண்டுக்குச் சதை அதிகம், கடலில் பிடிக்கும் நீலக்கால் நண்டுக்கு இனிப்பு அதிகம்; நடுப்பகல் கள்ளுக்கு நான் நீலக்காலைத்தான் எடுப்பேன். கணவாய்ப் பிரட்டலும் றால் பொரியலும் இதே பொழுதுக்குப் பொருந்தும். ஒடியல் கூழ் மட்டும் வேண்டாம். அதுவும் பனை தந்ததுதான், அதையும் பிளாவில்தான் குடிக்கிறோம்; ஆனால் கூழே ஒரு முழுச் சாப்பாடு. அதன் புளிப்பும் மாவும் கள்ளுக்கு இடம் விடாது.

பொழுது சாயும்போது கள்ளு கடுத்துவிடும். இனிப்பு போய், புளிப்பும் மதுவும் மட்டும் மிஞ்சும். மென்மையான மீன் எதுவும் இதன் முன்னால் நிற்காது. சுட்ட கருவாடு, தேங்காய்ப்பூ போட்டு வறுத்த சுறா வறை, மிளகு தூக்கலான ஆட்டுக்குடல் போன்ற அழுத்தமான பண்டங்களை எடுங்கள். இந்தக் கள்ளை நான் அதிகம் சிபாரிசு செய்வதில்லை. இது வேகமாக ஏறும். ரசனைக்கு நேரம் தராது. இந்தக் கரையில் மரமேறும் பெரியவர் ஒருவர், "தம்பி, வெயில் ஏறமுன்னம் குடிச்சிடுங்கோ, பிறகு அது உங்களைக் குடிச்சிடும்" என்றார். நடுப்பகல் கள்ளை விட்டுக்கொடுக்க மாட்டேன்; மாலைக் கள்ளு விஷயத்தில் அந்த அறிவுரையை ஏற்றுக்கொள்கிறேன்.

மீனோடு கனத்த சிவப்பு வைன் ஏன் சேராது என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. 2009இல் ஜப்பானிய வைன் நிறுவனம் ஒன்றின் ஆய்வாளர்கள், வைனில் கரைந்திருக்கும் இரும்பு கடலுணவின் கொழுப்போடு வினைபுரிந்து வாயில் அருவருப்பான மீன் வாடையை எழுப்புவதாகக் கண்டறிந்தார்கள். திராட்சைத் தோலிலிருந்து இறங்கும் டானின் என்ற துவர்ப்பு வேறு, மீனோடு சேர்ந்தால் உலோகம்போல் கசக்கும். அந்தத் துவர்ப்புக்கு வேண்டியது மாட்டிறைச்சியின் கொழுப்பும் நெடுநேரம் வெந்த சாறும். பீட்மாண்ட்காரர்கள் மாட்டிறைச்சியைப் பரோலோவிலேயே ஊறவைத்து வேகவைக்கிறார்கள். அந்த மண்ணுக்கு அது சரி. கள்ளில் திராட்சைத் தோலும் இல்லை, அதன் துவர்ப்பும் இல்லை. கடலோரத்தில் பனை முளைத்ததும் மீனவர் குடியேறியதும் ஒருவரையொருவர் கேட்டுச் செய்ததல்ல. ஆனாலும் பானமும் பண்டமும் இவ்வளவு பொருந்தி அமைந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கிறது.

இத்தாலிய வைனும் தமிழருக்குப் புதிதில்லை. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வைன் கொண்டுவந்த சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கலத்தில் பருகி இன்புறச் சொல்கிறார். அரண்மனையில் யவனர் மது ஓடிய அதே காலத்தில் ஊரில் கள்ளும் ஓடியது. சங்கப் பாட்டுகள் இரண்டையும் கூசாமல் பேசுகின்றன. பின்னாளில்தான் கள்ளு இறக்குகிறவரைச் சாதி சொல்லித் தள்ளிவைத்து, அவர் இறக்கியதையும் தாழ்ந்த பானமாக்கினோம். ஒவ்வொரு நாளும் உயிரைக் கையில் பிடித்து இருமுறை மரமேறுகிற மனிதரின் கைத்திறன் அது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கவே தடை. இலங்கையில் அந்தத் தடை இல்லை. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களின் தவறணைகளில் உரிமத்தோடு விற்கிறார்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. சீனியையும் ஈஸ்டையும் தண்ணீரில் கலந்து கள்ளென்று விற்கிறவர்கள் உண்டு. அதில் இனிப்பும் வெறியும் இருக்கும், பனையின் வாசமும் கடைசிக் கசப்பும் இருக்காது. மூக்கைப் பழக்கிக்கொண்டவரை ஏமாற்றுவது கடினம். சீவுகிறவரையோ சங்கத் தவறணையையோ காலையிலேயே தேடிப் போவதுதான் நல்ல வழி. வாங்கியதைப் போத்தலில் ஊற்றி இறுக்கி மூட வேண்டாம். உள்ளே வாயு ஏறிக்கொண்டே இருக்கும், போத்தல் வெடித்துவிடும். வாயை ஓலையாலோ துணியாலோ அடைத்து, குளிர்ந்த தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் இறக்கி வைத்தால் புளிப்பது தாமதமாகும். காலைக் கள்ளை நடுப்பகல்வரை காலைக் கள்ளாகவே பிடித்துவைக்க அது போதும். ஐஸ் கட்டியைக் கள்ளுக்குள் போடாதீர்கள். தண்ணீர் கலந்து வாசம் போய்விடும். போத்தலில் அடைத்துக் கடைக்கு வரும் கள்ளு, கெடாமல் இருக்கச் சூடுகாட்டியது. அதில் ஈஸ்டு வேலை நின்றுவிட்டது. மணி பார்த்துக் குடிக்க ஒன்றுமில்லை. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஆசைக்குக் குடிக்கலாம். இன்னொன்று, இலங்கையில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. கடலுக்குப் போகிறவரும் வாகனம் ஓட்டுகிறவரும் எந்த நேரத்துக் கள்ளையும் தொடக் கூடாது.

மிஞ்சிய கள்ளைக் கொட்டிவிடாதீர்கள். மாலையில் குடிக்க முடியாத அளவுக்குக் கடுத்த கள்ளுக்குள் ஈஸ்டு இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். பச்சரிசி மாவில் அரைக் குவளை அளவு ஊற்றிக் கரைத்து, அகன்ற பாத்திரத்தில் மூடி இரவு முழுக்க விடுங்கள். பாத்திரத்தில் பாதி இடம் காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விடியலில் மாவு தரையில் கிடக்கும். காலையில் உப்பும் முதற்பாலும் சேர்த்து, அப்பச்சட்டியில் ஊற்றிச் சுழற்றி, நடுவில் இன்னும் கொஞ்சம் பால் விட்டு மூடுங்கள். ஓரம் மொறுகி நடு பஞ்சாக வந்த பாலப்பத்துக்குத் தொட்டுக்கொள்ள, முதல் நாள் நண்டுக் கறியின் குழம்பைச் சூடுகாட்டி எடுத்து வையுங்கள்.