இருபதைத் தாண்டிப் பிடித்த துடுப்பு

மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழையிலை விற்பவரிடம் ரமாகாந்த் ஆச்ரேக்கர் யார் என்று கேட்டுப் பாருங்கள். சிவாஜி பார்க், ஸ்டம்பின் மேல் வைத்த ஒரு ரூபாய் நாணயம், டெண்டுல்கர் என்று முழுக்கதையும் சொல்லிவிட்டுத்தான் இலையைக் கட்டித் தருவார். இஸ்மாயில் பேக் யார் என்று கேட்டால் கையை விரிப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. விளையாட்டுப் பக்கத்துக்கு எழுதிப் பிழைக்கும் நாங்களே அந்தப் பெயரை நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் எழுதுகிறோம்.

பேக் ஹைதராபாத்காரர். இந்தியத் துடுப்புப் படகு அணியின் தலைமைப் பயிற்சியாளராக நெடுங்காலம் இருந்தவர், துரோணாச்சார்யா விருது பெற்றவர். 2010-ல் குவாங்சோவில் பஜ்ரங் லால் தாக்கர் ஒற்றையரில் வென்றதுதான் ஆசியப் போட்டிகளில் இந்த விளையாட்டில் நமக்குக் கிடைத்த முதல் தங்கம். அடுத்த தங்கம் 2018-ல், இந்தோனேசியாவின் பாலெம்பாங்கில் கிடைத்தது. கோச் என்பவர் என்ன செய்கிறார் என்று தெரிய வேண்டுமானால் இந்த இரண்டாவது தங்கத்தைப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 23 நமக்குக் கெட்ட நாள். பதக்கம் நிச்சயம் என்று நம்பியிருந்த தத்து போகனால் ஒற்றையர் இறுதியில் ஆறாவதாக வந்தார். அன்று துடுப்புப் படகில் ஒரு பதக்கமும் இல்லை. மறுநாள் அதே தத்து, ஸ்வரன் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங் ஆகியோருடன் நால்வர் படகில் ஏறினார். இந்தோனேசியா, தாய்லாந்து படகுகளைப் பின்னால் விட்டுத் தங்கம் வாங்கினார்கள். நேற்று உடைந்துபோன ஆள் ஒரே ராத்திரியில் எப்படிச் சரியானார் என்று அன்று எல்லோரும் வியந்தார்கள். மனஉறுதி என்று தலைப்புப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். எனக்கு அந்த விளக்கம் போதாது.

நால்வர் படகில் ஆளுக்கு இரண்டு துடுப்பு, மொத்தம் எட்டு. எட்டும் ஒரே நேரத்தில் நீருக்குள் இறங்கி, ஒரே நேரத்தில் வெளியே வர வேண்டும். ஒருவர் துளி முந்தினாலும் படகு குலுங்கி வேகம் செத்துவிடும். பந்தயம் தொடங்கிய பிறகு கோச் எதையும் சொல்ல வழியில்லை. டைம்-அவுட் கிடையாது, மாற்று ஆட்டக்காரர் கிடையாது, காதில் கருவி மாட்டிப் பேசவும் விதி இடம் தராது. உடம்பு கேட்காத நாளிலும் கை தானாக ஓடும் அளவுக்கு அந்த நால்வரையும் மாதக்கணக்கில் ஒரே தாளத்தில் பழக்கியிருந்தால்தான் இது நடக்கும். அன்று பேசியது அந்தப் பழக்கம்தான்.

தமிழில் துடுப்பை 'வலிப்பது' என்கிறோம். சொல் பொருத்தம்தான். ஆனால் வலிப்பது இதில் பாதி வேலை. புனேயில் ஒருநாள் விடியற்காலை ஆற்றங்கரையில் ஒரு கோச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் மெகாபோன், கீழே பழைய சைக்கிள், கரையோரமாகவே படகுக்கு இணையாக மிதித்துக்கொண்டு போனார். படகில் பதினாலு, பதினைந்து வயசுப் பையன்கள். "வேகமா" என்று கத்துவார் என்று நினைத்தேன். அரைமணி நேரமும் அவர் சொன்னது ஒன்றுதான்: "சாவகாஷ், சாவகாஷ்." மெதுவாக வா என்று மராத்தியில். துடுப்பு நீரை விட்டு எழும்பியதும் வீரர் முன்பக்கம் நகர்ந்து வருவாரே, அந்த இடத்தில்தான் படகு அதிக வேகத்தில் போகிறது. அங்கே அவசரப்பட்டு இருக்கையை உருட்டினால், தன் எடையாலேயே படகைப் பிடித்து நிறுத்துகிற கதையாகிவிடும். வலிக்கும்போது பலத்தைக் காட்டப் பையன்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. திரும்பி வரும்போது சும்மா இருக்கச் சொல்லித் தரத்தான் வருஷங்கள் ஆகின்றன. படகு கரைக்கு வந்ததும் ஒரு பையன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். விரல் அடியில் நான்கு கொப்புளம், ஒன்று உடைந்திருந்தது. கோச் பார்த்துவிட்டு, துடுப்பை இறுக்கிப் பிடிக்காதே, விரலால் மாட்டிக்கொள் என்றார். அவ்வளவுதான்.

இந்தியாவின் சிக்கல் துடுப்பைப் பிடிக்கத் தொடங்கும் வயதில் இருக்கிறது. தத்து நாசிக் மாவட்டத்தில் கிணறு வெட்டும் தொழிலாளியின் மகன். 2012-ல் ராணுவத்தில் சேரும்போது வயது 21. தண்ணீர் என்றாலே பயம். ஆறடிக்கு மேல் உயரம் இருந்ததைப் பார்த்து, புனே ராணுவப் பொறியியல் கல்லூரியின் ரோயிங் மையத்தில் குத்ரத் அலி என்ற கோச் அவரைப் படகில் ஏற்றினார். நான்கே வருஷத்தில் ரியோ ஒலிம்பிக்கில் 13-வது இடம். இப்படி ஒருவரை உருவாக்கிய கோச்சை எத்தனை பாராட்டினாலும் தகும். ஆனால் இதையே நம் முறையாக வைத்துக்கொண்டோம். தாக்கரும் ராணுவத்துக்குப் போன பிறகே துடுப்பைப் பிடித்தார். அவர் பயிற்சி தந்த பல்ராஜ் பன்வாரும் அப்படியே. நம் கோச்சுகளுக்குக் கிடைப்பது முற்றிய மரம். ஐரோப்பாவின் கிளப்புகளில் பதின்மூன்று வயதில் தொடங்கிய ஒருவர் இருபத்தோரு வயதில் எட்டு வருஷ அனுபவத்தோடு பந்தயக் கோட்டில் நிற்பார்.

முடிவுகளைப் பாருங்கள். ரியோவில் 13. டோக்கியோவில் அர்ஜுன் லால் ஜாட், அரவிந்த் சிங் இணை எடை குறைந்தோர் இரட்டையரில் 11. நம்முடைய சிறந்த ஒலிம்பிக் முடிவு அதுதான். பாரிஸில் பல்ராஜ் 23. ஆசிய அளவில் ஹாங்சோவில் இரண்டு வெள்ளி, மூன்று வெண்கலம் என்று அள்ளுகிறோம். ஒலிம்பிக் இறுதிச் சுற்றின் வாசலை இன்னும் தொடவில்லை.

இதில் இன்னொரு அடியும் விழுந்திருக்கிறது. இருவரின் சராசரி எடை 70 கிலோவுக்குள் இருக்க வேண்டிய, நம் ஊர் உடல்வாகுக்கு ஏற்ற அந்த எடை குறைந்தோர் பிரிவு 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இல்லை. அதற்குப் பதில் கடற்கரை ஓட்டம் ஒன்று வருகிறது. மணலில் ஓடிப் படகில் ஏறி, மிதவைகளை வளைந்து கடந்து 250 மீட்டர் கடலுக்குள் போய், திரும்பி வந்து, மறுபடி மணலில் ஓடி முடிக்க வேண்டும். படகு அகலமானது, அலையைத் தாங்கும். டக்கார் இளையோர் ஒலிம்பிக்கிலும் இதே வடிவம்தான்.

இங்கேதான் மும்பை உள்ளே வருகிறது. துடுப்புப் படகு என்றாலே 2,000 மீட்டர் நேர்ப்பாதை வேண்டும், நமக்கு அது கிடையாது என்று இதுவரை சொல்லிவந்தோம். பவாய் ஏரியில் முதலை, ஆகாயத்தாமரை. தாராவியை ஒட்டிப் போகும் மித்தி ஆற்றில் துடுப்பை வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டாம். கடற்கரை ஓட்டத்துக்கு அந்த நேர்ப்பாதை தேவையில்லை, கடல் போதும். 90 அடி ரோட்டில் தையல் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலிக்கார நண்பர் சில மாதம் முன்பு கேட்டார்: "அண்ணாச்சி, பெரியவன் பதினாலு வயசுலயே ஆறடி தொட்டுட்டான். இந்தப் படகு விளையாட்டுல சேத்துவிட்டா வேலை கீலை கிடைக்குமா? எங்க கொண்டுபோய்ச் சேக்கணும்?" முதல் கேள்விக்கு ராணுவம், விளையாட்டு ஒதுக்கீடு என்று பதில் சொன்னேன். இரண்டாவதற்குப் புனே என்றேன். தினமும் புனே போய்வரப் பையன் என்ன டெக்கான் குயீன் ரயிலா?

சிகாகோவின் மேற்குப் பகுதியில், துப்பாக்கிச் சத்தத்துக்குப் பழகிய மேன்லி உயர்நிலைப் பள்ளியில், 1990-களின் பிற்பாதியில் கறுப்பினப் பையன்களின் படகு அணி ஒன்று உருவானது. பலருக்கு நீச்சல் தெரியாது. அவர்களில் ஒருவரான ஆர்ஷே கூப்பர் பின்னாளில் அதைப் புத்தகமாக எழுதினார், படமும் வந்தது. அங்கே ஏரி இருந்தது, சொல்லித் தர ஆள் வந்தார். தாராவிக்கும் செம்பூருக்கும் கடல் இருக்கிறது, சொல்லித் தர ஆள்தான் வேண்டும்.

ஆனால் சின்னப் பிள்ளைகளின் கோச் என்றால் பதக்கக் கணக்குக்கு முன்னால் உயிர்க் கணக்கு இருக்கிறது. 2022 மே 21 அன்று கொல்கத்தாவின் ரவீந்திர சரோவரில் பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த படகு திடீர்ப் புயலில் கவிழ்ந்து இரண்டு மாணவர்கள் மூழ்கிப் போனார்கள். சுற்றுச்சூழல் காரணமாக அந்த ஏரியில் அப்போது எரிபொருள் படகுக்குத் தடை இருந்தது, அதனால் மோட்டார் மீட்புப் படகு இருக்கவில்லை. கோச்சின் முதல் வேலை வானத்தைப் பார்ப்பது என்று அன்று தெரிந்தது. நம் கடல் இன்னும் கறாரானது. ஜூன், ஜூலையில் இயந்திரப் படகுகள் மீன்பிடிக்கவே தடை. அந்த நாட்களில் பிள்ளைகளை துடுப்பு வலித்துப் பழகும் எர்கோமீட்டர் இயந்திரத்தில் உட்கார வைக்க வேண்டும், நீச்சல் குளத்தில் இறக்க வேண்டும். மற்ற நாட்களில் காற்று எப்போது திரும்பும், ஓதம் எப்போது வடியும் என்று சொல்ல மாஹிமிலும் துரோம்பேயிலும் கோலிவாடா மீனவப் பெரியவர்கள் இருக்கிறார்கள். சான்றிதழ் பெற்ற கோச் பக்கத்தில் அவர்களில் ஒருவரையும் சம்பளம் போட்டு உட்கார வைக்கலாம். இதைப் படித்துச் சிரிக்கும் அதிகாரிகள் ஒருநாள் அவர்களோடு கடலுக்குப் போய்வரட்டும்.

மகாராஷ்டிர விளையாட்டுத் துறைக்கு ஒரு விண்ணப்பம். மும்பையில் கடற்கரைத் துடுப்பு மையம் என்று எப்போதாவது அறிவித்தால், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் துடுப்பும் கற்றுத்தரும் இரண்டு முழுநேரக் கோச்சுகளையும் ஒரு மீட்புப் படகையும் முதலில் போடுங்கள். திறப்பு விழாப் பந்தலுக்கு அப்புறம் செலவு செய்யலாம்.