காணாமற்போன குழந்தையும் மறைக்கப்பட்ட உறவும்: ஒரு மொழிபெயர்ப்பு நோக்கு

1. முன்னுரை

உளவியல் மர்மக் கதைகளில் செய்தி எது என்பதைவிட, அது எப்பொழுது வெளிப்படுகிறது என்பதே முதன்மை பெறும். மறைத்துக் கூறுதற்கு மூலமொழி தரும் வாய்ப்பைப் பெயர்ப்புமொழி தராதவிடத்து மொழிபெயர்ப்பாளர் இடர்ப்படுகிறார். இதனை ‘பன்னி லேக் இஸ் மிஸ்ஸிங்’ என்னும் ஆங்கிலப் படைப்பின் வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஈவ்லின் பைப்பர் என்னும் புனைபெயரில் மெரியம் மாடெல் எழுதிய இப்புதினம் 1957இல் வெளிவந்தது. ஆட்டோ பிரமிஞ்சர் இயக்கிய திரைப்படம் 1965இல் வந்தது. நியூயார்க்கில் நிகழும் கதையைப் படம் இலண்டனுக்கு மாற்றியது. தாயின் பெயரையும் முடிவையும் மாற்றியது. இங்குத் திரைப்பட வடிவமே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

2. கதைப் போக்கு

அமெரிக்காவிலிருந்து இலண்டனுக்குப் புதிதாக வந்த ஆன் லேக், தன் மகள் பன்னியைப் பள்ளியில் விட்டுச் செல்கிறாள். அழைத்துச் செல்ல வரும்போது குழந்தையைக் காணவில்லை. பள்ளியில் எவரும் அக்குழந்தையைப் பார்த்ததாகக் கூறவில்லை. வீட்டிலிருந்த குழந்தையின் உடைமைகளும் மறைகின்றன. ஆன் மணமாகாதவள் என்பதும், இளமையில் ‘பன்னி’ என்னும் பெயரில் ஒரு கற்பனைத் தோழி அவளுக்கு இருந்தாள் என்பதும் தெரியவருகின்றன. ‘குழந்தை எங்கே?’ என்று தொடங்கிய காவல் அதிகாரி நியூஹவுஸின் விசாரணை ‘குழந்தை உண்டா?’ என்று திரும்புகிறது. பார்வையாளரும் இறுதிப் பகுதிவரை குழந்தையைக் காண்பதில்லை. எனவே தாயின் சொல் ஒன்றே சான்றாக நிற்கிறது. அச்சொல்லை எவ்வாறு பெயர்ப்பது என்பதே சிக்கல்.

3. உறவுப்பெயரும் விளியும்

தொடக்கக் காட்சிகளில் ஆனையும் ஸ்டீவனையும் கணவன் மனைவி எனக் கருத இடமுண்டு. அவர்கள் உடன்பிறந்தோர் என்பது பின்னரே தெளிவாகிறது. ஒருவரையொருவர் பெயரிட்டு அழைப்பது ஆங்கிலத்தில் இரு உறவுக்கும் பொது. தமிழிலோ ‘அண்ணா’ என்னும் ஒரு விளி முதற்காட்சியிலேயே மறைபொருளை உடைத்துவிடும். பெயரிட்டு அழைக்கச் செய்தால், தமிழ் வாசகர் அவர்களைக் கணவன் மனைவி என்றே உறுதி செய்துகொள்வர். மூலத்தில் ஐயமாக இருப்பது பெயர்ப்பில் ஏமாற்றாக மாறிவிடும்.

விளியை அறவே நீக்கி, ‘நீ’ என்னும் முன்னிலையை மட்டும் ஆள்வது ஏற்ற வழி எனலாம். ‘நீ வருகிறாயா?’ என்பது தங்கை அண்ணனிடமும், இக்கால மனைவி கணவனிடமும் கூறக்கூடியதே. உறவு வெளிப்பட்ட பின்னர் ‘அண்ணா’ என்னும் விளியைத் தாராளமாக ஆளலாம். இதனால் ஓர் ஊதியமும் உண்டு. குழந்தையை மறைத்தவன் ஸ்டீவனே என்பது இறுதியில் புலனாகிறது. அவனைத் தடுக்க ஆன் அவனுடன் சிறுபிள்ளை விளையாட்டுகளை ஆடிப் பொழுதைக் கடத்துகிறாள். காப்பவன் என்னும் பொறுப்பைத் தன்னுள் கொண்ட ‘அண்ணன்’ என்னும் சொல், அக்காட்சியில் ஆங்கிலச் சொல்லால் இயலாத வலிமையைப் பெறும்.

4. குழந்தையும் ‘அது’வும்

மகவு, குழவி ஆகியன உயர்திணைப் பொருளனவாயினும் அஃறிணை முடிபு கொள்ளும் என்பது தொல்காப்பியக் கிளவியாக்கம் கூறும் மரபு. இன்றும் ‘குழந்தை வந்தது’ என்கிறோம். ஆங்கிலத்தில் தாய் பெண்பாற் சுட்டால் மகளைக் குறிக்கும்போதெல்லாம் ஓர் ஆளின் இருப்பு வலியுறுத்தப்படுகிறது. தமிழில் ‘அது இங்கேதான் இருந்தது’ எனில், குழந்தைக்கும் பொருந்தும், பொம்மைக்கும் பொருந்தும். பழுதுபார்க்கக் கொடுத்த பொம்மையே குழந்தை இருந்தமைக்குச் சான்றென ஆன் அதனைத் தேடிச் செல்லும் கதையில் இப்பொதுமை பொருட்படுத்தத்தக்கது. தாய் ‘அவள்’ என்றும், அதிகாரி ‘அது’ என்றும் கூறுமாறு அமைத்தால், இருவர் நோக்கும் சுட்டுப்பெயரளவிலேயே வேறுபட்டுத் தோன்றும்.

5. காணவில்லையும் இல்லையும்

‘காணவில்லை’ என்பது இருப்பதொன்று கண்ணிற்படாமையைக் குறிக்கும். ‘இல்லை’ என்பது இருப்பையே மறுக்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே கதை. எனவே இவற்றை ஒன்றற்கொன்று மாற்றாக ஆளுதல் கூடாது. அவ்வாறே பிறர் கூற்றைக் குறிக்கும் ‘ஆம்’ என்னும் ஈறும் எச்சரிக்கைக்குரியது. ‘குழந்தையைப் பள்ளியில் விட்டாளாம்’ என்று ஒரு பாத்திரம் கூறினால், செய்தியோடு ஐயமும் ஏளனமும் உடன்வரும். மூலத்தில் நடுநிலையாக உள்ள கூற்றுக்கு இவ்வீற்றைச் சேர்ப்பது தாய்க்கு எதிராகத் தீர்ப்பளிப்பதாகும்.

6. பெயர்

தமிழ் எழுத்தில் வல்லின ஒலிப்பு வேறுபாடு குறிக்கப்படாமையால், முயற்குட்டியைச் சுட்டும் செல்லப்பெயர் பேச்சுவழக்கில் பன்றியைக் குறிக்கும் சொல்லாகிவிடுகிறது. கலங்கிய தாயின் அழைப்பு நகைப்புக்கு இடமாதல் தகாது. ‘பனி’ எனக் குறைத்தெழுதின் ஒலி ஓரளவு காக்கப்படும். முயலென்னும் பொருள் மட்டும் இழக்கப்படும். குழந்தைக்கும் கற்பனைத் தோழிக்கும் ஒரே பெயர் அமையவேண்டும் என்பதே இங்கு இன்றியமையாதது.

7. முடிவுரை

இப்படைப்பின் முடிவு, முழுப் பழியையும் ஒருவனது மனநோயின்மேல் ஏற்றிவிடுகிறது. கணவனில்லாத பெண்ணின் சொல்லை எளிதில் ஐயுற்ற சமூகம் கேள்விக்கு உள்ளாகாமலே தப்புகிறது. இது படைப்பின் குறை எனலாம். ஆயினும் அவ்வையம் எவ்வாறு படிப்படியாக வளர்கிறது என்பதைக் காட்டியதில் அது வெற்றி பெற்றுள்ளது. அவ்வளர்ச்சி விளியிலும் சுட்டிலும் வினையீற்றிலும் தங்கியுள்ளது. அவற்றைக் கருதாது கதையை மட்டும் பெயர்ப்பவர், தாம் அறியாமலே அத்தாயை நம்பாதவர் வரிசையில் சேர்ந்துவிடுவர்.