இரண்டிலிருந்து மூன்றுக்கு

பழைய அம்பாசிடர் ஓட்டியவர்களின் இடது கை எதையும் மறப்பதில்லை. ஸ்டியரிங் தண்டையொட்டி நீட்டிக்கொண்டிருக்கும் கியர் கம்பியை அசைத்தால், அது நாலைந்து கம்பிகளுக்கும் முட்டிகளுக்கும் சொல்லி, அவை கியர் பெட்டிக்குச் சொல்ல வேண்டும். புஷ்கள் தேய்ந்த வண்டியில் சேதி பாதி வழியிலேயே நின்றுவிடும். நடுரோட்டில் கியர் சிக்கிக்கொள்ள, டிரைவர் இறங்கிப் போய் பானெட்டைத் திறந்து கையால் எதையோ தட்டிவிட்டு வந்து உட்காருவார். பின்சீட்டிலிருந்து அதை வேடிக்கை பார்த்து வளர்ந்தவன் நான்.

கோவையில் இருக்கும் நண்பரின் 1978 அம்பாசிடரில் இப்போது அந்தக் கம்பி இல்லை. இன்ஜினும் பழையது இல்லை. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் இருந்த இடத்தில் கான்டெஸாவிலிருந்து வந்த 1817 சிசி இசுசு உட்கார்ந்திருக்கிறது. கூடவே அதன் ஐந்து கியர் பெட்டியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றிய கதை தனி. அதை எடுத்தால் இந்தக் கட்டுரையின் சுவை கெட்டுவிடும். நான் சொல்ல வந்தது, சீட்டுக்கு முன்னால் தரையிலிருந்து எழுந்து நிற்கும் ஒரு கியர் கம்பியைப் பற்றி. முழங்கை நீளம்கூட இல்லாத அதைக் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் செய்தார்கள். மூன்று முறை செய்தார்கள்.

சிக்கல் சீட்டிலிருந்து தொடங்கியது. முன்னால் ஒரே நீள பெஞ்ச் சீட். அதை எடுக்க நண்பருக்கு மனமில்லை. கியர் பெட்டியிலிருந்து கம்பி நேராக மேலே வந்தால், இரண்டாவதும் நான்காவதும் போடும்போது குமிழ் சீட்டின் விளிம்பில் இடிக்கும். முதலில் செய்த கம்பி இடித்தது. அடுத்ததை முன்பக்கம் சாய்த்தார்கள். இடிக்கவில்லை, ஆனால் கைக்கு ஏதோ ஒப்பவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனதாம். குமிழ் தன் அச்சுக்கு நேர் மேலே இருந்தால் கியர் போடும்போது ஏறக்குறைய சமமட்டத்தில் போய்வரும். அச்சைவிட்டு முன்னால் தள்ளியிருந்தால் ஒருபக்கம் தாழும், மறுபக்கம் எழும். கண்ணுக்குத் தெரியாது, மணிக்கட்டுக்குத் தெரியும். இருக்கையில் இடிக்காமல் இருப்பதற்காகச் சாய்த்த சாய்வு கையை ஏமாற்றிக்கொண்டிருந்தது.

மூன்றாவது கம்பிதான் இப்போது வண்டியில் இருப்பது. கீழே நிமிர்ந்து எழும்பி, சீட் விளிம்புக்கு எதிரே முன்னால் ஒதுங்கி, மேலே வந்ததும் திரும்பி வந்து குமிழைச் சரியாக அச்சுக்கு மேலே நிறுத்துகிறது. தலை திருப்பி நிற்கும் கொக்கின் கழுத்துதான். இந்த வளைவை அலங்காரம் என்று நினைப்பவர்கள் பலர். வளைவதால் நெம்புகோல் கணக்கு மாறுவதில்லை. அச்சிலிருந்து குமிழ் வரைக்குமான நேர்கோடுதான் கணக்கு. அந்தக் கோட்டைக் காப்பாற்றிக்கொண்டு நடுவில் மட்டும் வழிவிட்டு ஒதுங்கியதுதான் இதன் அழகு. கம்பியைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி ஒரே மூச்சில் வளைத்திருக்கிறார்கள். வளைவின் உட்புறம் சுருக்கமோ நசுங்கலோ இல்லை. குரோமியம் பூசவில்லை. மறுபடி சூடாக்கி எண்ணெயில் முக்கிக் கருமை ஏற்றியிருக்கிறார்கள். வெயிலில் கண்ணைக் கூசாது.

அடுத்தது அச்சு. நம் ஊர்க் கிணற்று ஏற்றம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. துலாவைத் தாங்கும் இடம் ஒரு சாண் நகர்ந்தால் இழுப்பவனின் வேலையே மாறிவிடும். இங்கே அச்சுக்கு மேலே 280 மில்லிமீட்டர், கீழே 40. ஒன்றுக்கு ஏழு. பெட்டிக்குள்ளிருக்கும் தண்டு 12 மில்லிமீட்டர் நகர, குமிழ் 84 மில்லிமீட்டர் போக வேண்டும். அவ்வளவு தூரம் கையை வீசுவது களி கிண்டுகிற வேலை. பட்டறைக்காரர் பெட்டியின் மேல் 10 மில்லிமீட்டர் கனத்தில் ஓர் அலுமினியத் தட்டு வைத்து அச்சை உயர்த்தினார். கீழ்க்கால் 50 ஆனது. குமிழின் உயரத்தை மாற்றாததால் மேலே 270. இப்போது குமிழ் 65 மில்லிமீட்டர் போனால் போதும். பதிலுக்குக் கை கொடுக்க வேண்டிய விசை முப்பது சதவீதம் கூடியிருக்கிறது.

இன்னும் பத்து மில்லிமீட்டர் ஏற்றியிருக்கலாமே என்று கேட்டேன். "பெட்டிக்கும் மூச்சு விடோணுமில்லீங்க" என்றார். மிகச் சரி. கியர் மாறும்போது உள்ளே பித்தளைக் கூம்பு வளையம் உரசி இரண்டு சுழற்சிகளையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். 1928-இல் காடிலாக் கார்களில் வந்த ஏற்பாடு அது. அந்த வளையத்துக்கு ஒரு கண்ணிமைப்பாவது நேரம் வேண்டும். கம்பியைக் குட்டையாக்கி, அவசரப்பட்டுத் திணித்தால் தேய்வது அதுதான். பந்தயக் கார் போல இரண்டு விரல்கடை தூரத்தில் கியர் விழ வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பெட்டியைக் கெடுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த இந்தப் பத்து மில்லிமீட்டர், என் கணக்கில், வண்டியிலேயே உயர்ந்த இடம்.

அச்சில் உள்ள உருண்டை எஃகு. அது உட்காரும் கிண்ணத்துக்குக் கன்மெட்டல் போடலாம் என்பது முதல் யோசனை. பம்புகள் செய்யும் ஊரில் கன்மெட்டல் புஷ்ஷுக்கா பஞ்சம்? போட்டுப் பார்த்தார்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் கம்பி தேனீக்கூடாக ரீங்கரித்தது. ரப்பர் வைத்தால் சத்தம் போகும், கூடவே சேதியும் போய்விடும். கடைசியில் டெல்ரின். வெண்ணெய் நிறத்தில் இருக்கும் அந்த பிளாஸ்டிக் கட்டியைக் கிண்ணமாகக் கடைந்து, உருண்டை தானாக விழாத, ஆனால் விரலால் சுழற்றினால் தடையில்லாமல் சுழலும் அளவில் நிறுத்தியிருக்கிறார்கள். மசகுகூட அதிகம் வேண்டாம். கியர் போட்டபின் குமிழைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். பெட்டிக்குள் இருக்கும் ஆட்டம் மட்டும்தான் கைக்கு வருகிறது. கம்பி தன் பங்குக்கு எதையும் சேர்க்கவில்லை.

ரிவர்ஸுக்கு ஒரு காவல் உண்டு. குமிழுக்குக் கீழே மெல்லிய வளையம். இரண்டு விரலால் தூக்கினால்தான் வழி திறக்கும். வளையத்தின் அடிப்புறத்தில் மட்டும் நர்லிங் போட்டிருக்கிறார்கள், விரல் படும் இடத்தில். மேல்புறம் வழவழப்பு. இப்படி ஓர் இடத்தில் மட்டும் சொரசொரப்பு வைக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, அதற்கு ஒரு சபாஷ் போடலாம்.

குமிழ் ஈட்டி மரம். உள்ளே பித்தளை மரை. மரக் குமிழுக்குப் பெரிய இடத்துச் சொந்தங்கள் உண்டு: எடை குறைப்பதற்காகப் போர்ஷே 917 பந்தயக் காரில் பால்சா மரத்தில் குமிழ் வைத்தார்கள், அதை நினைவுபடுத்தவே பின்னால் கரேரா ஜிடியிலும் மரக் குமிழ் வந்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஹர்ஸ்ட் பெயரில் வந்த கியர் கம்பிகளுக்குத் தனி ரசிகர் கூட்டமே உண்டு. விபத்தில் நசுங்கிய காரைப் பிளந்து ஆட்களை மீட்கும் கருவியும் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. நம் நண்பரின் காரணம் எளிது. சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற வண்டியில் இரும்புக் குமிழைத் தொட்டுப் பாருங்கள், புரியும். குமிழின் தலையில் கியர் வரிசையை ௧, ௨, ௩ என்று தமிழ் எண்களில் செதுக்கியிருப்பது மட்டும் எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. நண்பர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

எல்லாம் சேர்ந்து என்ன ஆகிறது என்பது அவிநாசி சாலையில் தெரிந்தது. இரண்டாவதில் வேகம் எடுத்து, கிளட்சை மிதித்து, கம்பியை முன்னால் தள்ள வேண்டும். பழக்க தோஷத்தில் கை வலப்பக்கம் ஒதுக்கித் தள்ளப் பார்த்தது. தேவையே இல்லை. நியூட்ரலுக்கு வந்த கணத்தில் உள்ளே இரண்டு பக்கமும் இருக்கும் ஸ்பிரிங்குகள் கம்பியைத் தாமாகவே நடு வரிசைக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. திறந்த உள்ளங்கையால் நேராகத் தள்ளினால் போதும். முதலில் லேசான தடை, பிறகு உள்ளேயிருந்து யாரோ கையைப் பிடித்து இழுப்பது போல ஒரு நழுவல், முடிவில் குண்டு தன் பள்ளத்தில் விழும் ஒலி. பல்லாங்குழியில் புளியங்கொட்டை விழுமே, அந்த ஒலி. மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்து மறுபடி மூன்றுக்குப் போனேன். பிறகு மறுபடி. பின்னால் வந்த பேருந்துக்காரர் பொறுமை இழந்து ஹாரன் அடித்தார். அவர் மேல் தவறில்லை.

பெஞ்ச் சீட் அப்படியே இருக்கிறது. முன்னால் இன்னும் மூன்று பேர் உட்காரலாம்; நடுவில் இருப்பவர் மட்டும் இரண்டு காலையும் இடப்பக்கம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.