நிறுவனர்களுக்கு யார் துணை?

புத்தொழில் தொடங்குகிறவருக்கு இன்று அறிவுரைக்குக் குறைவே இல்லை. மாநாட்டு மேடை, பாட்காஸ்ட், ஆக்சிலரேட்டர் வகுப்பு, முதலீட்டாளர் எழுதும் கட்டுரை என்று எங்கு திரும்பினாலும் தலைமைப் பண்பைப் பற்றி யாரோ ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார். இதே காலத்தில், அதிக ஆரவாரமில்லாமல் இன்னொரு வழக்கமும் வளர்ந்திருக்கிறது. நிறுவனர்கள் எட்டுப் பத்துப் பேராக மாதம் ஒருமுறை கூடி, கதவைச் சாத்திக்கொண்டு, தொழிலில் நடப்பதை ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் சொல்லிக்கொள்கிறார்கள். மேடை அறிவுரையைவிட இந்த வட்டங்கள் பல மடங்கு பயனுள்ளவை என்பது என் முடிவு. ஆனால் அந்தப் பயன் தானாக வருவதில்லை. யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எத்தனை முறை கூடுகிறார்கள், அங்கே யாருடைய குரல் கேட்பதில்லை என்பதைப் பொறுத்து, அதே வழக்கம் ஒரு நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தவும் செய்யும். தவறான பாதையில் தைரியம் கொடுத்து அனுப்பவும் செய்யும்.

இந்தத் துணை ஏன் தேவைப்படுகிறது? நிறுவனரின் தனிமையை அவரவர் மனப்போக்கு சார்ந்ததாகப் பேசுவது வழக்கம். பெருமளவு அது அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி உண்டாக்கும் தனிமை. வங்கிக் கணக்கில் நான்கு மாதச் சம்பளத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊழியர்களிடம் சொன்னால், திறமையானவர்கள்தான் முதலில் வேறு வேலை தேடுவார்கள். வீட்டில் சொன்னால், நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்த அம்மாவுக்குத் தூக்கம் போகும். இணை நிறுவனரிடம் சொல்லலாம். பல நேரங்களில் சிக்கலே அவரோடுதான். மிச்சமிருப்பவர் முதலீட்டாளர். அவர் அனுபவசாலியாக இருக்கலாம், நல்லது நினைப்பவராகவும் இருக்கலாம். ஆனால் நிறுவனரைப் பொறுப்பிலிருந்து இறக்குவதில் அவருடைய வாக்குக்குத்தான் எடை அதிகம். அமெரிக்காவில் 212 ஸ்டார்ட்அப்களை ஆராய்ந்த நோம் வாசர்மன், நிறுவனத்துக்கு மூன்று வயதாகும்போது பாதி நிறுவனர்கள் தலைமைச் செயல் அதிகாரிப் பொறுப்பில் இல்லை என்று 2008-ல் எழுதினார். அப்படியிருக்க, தன் தடுமாற்றத்தை முதலீட்டாளரிடம் முழுதாகத் திறந்து சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

பழைய வணிகச் சமூகங்களுக்கு இந்தச் சிக்கல் இந்த அளவுக்கு இருந்ததில்லை. சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் வட்டிக் கடைகள் நடத்திய நகரத்தாரின் கணக்குப் பெட்டிகள் ஒரே கூடத்தில் அடுத்தடுத்து இருந்தன. கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். தொழிலுக்குப் புதிதாக வந்த பையன் கணக்கையும் ஆள் பார்த்துக் கடன் கொடுப்பதையும் பெரியவர்கள் பக்கத்தில் இருந்தே கற்றுக்கொண்டான். ஆனால் அந்தத் துணை பிறப்பால் வந்தது. வேறு இடத்தில் பிறந்தவருக்கு அந்தக் கூடத்தில் இடமில்லை. முதல் தலைமுறையாகத் தொழிலுக்கு வருகிறவருக்கு அதற்கு ஈடான ஒன்றைக் கட்டித் தரும் முயற்சியாகவே நிறுவனர் வட்டங்களை நான் பார்க்கிறேன்.

இந்த வடிவத்துக்கு வயது அதிகம். அமெரிக்காவில் 1950-ல் ரே ஹிக்காக் என்ற இளம் தொழிலதிபர் ஒய்.பி.ஓ. அமைப்பைத் தொடங்கினார். இன்று விஸ்டேஜ் என்று அறியப்படும் அமைப்பு 1957-ல் மில்வாக்கியில் பிறந்தது. 1987-ல் உருவான இ.ஓ. அமைப்புக்குச் சென்னையிலும் கிளை உண்டு. 2005-ல் தொடங்கிய ஒய் காம்பினேட்டர், தான் முதலீடு செய்த நிறுவனர்களை அணி அணியாகச் சேர்த்து, வாரந்தோறும் ஒன்றாக இரவு உணவுக்கு உட்கார வைத்தது. சென்னையில் 2015-ல் சாஸ்எக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய மென்பொருள் நிறுவனர் கூடல், சாஸ்பூமியாக வளர்ந்தது. அதை நடத்துபவர்களில் பெரும்பாலோர் நிறுவனர்களே. தமக்கு முன்னால் போனவர்கள் கற்றுக்கொடுத்ததைப் பின்னால் வருபவருக்குக் கொடுப்பது என்பதே அதன் அடிப்படை.

இந்த வழக்கத்தின் உண்மையான பலம் இ.ஓ., ஒய்.பி.ஓ. போன்றவற்றின் சிறு குழுக் கூட்டங்களில்தான் தெரிகிறது. இரண்டே விதிகள் அவற்றைத் தாங்குகின்றன. அறையில் பேசியது வெளியே போகக் கூடாது. யாரும் யாருக்கும் நேரடியாக அறிவுரை சொல்லக் கூடாது. தன் சொந்த அனுபவத்தை மட்டும் சொல்லலாம். முதல் விதியின் தேவை எல்லோருக்கும் புரியும். இரண்டாவதுதான் ஆழமானது. முதல் நாளிலிருந்து கூடவே இருந்த விற்பனைத் தலைவரால், வளர்ந்துவிட்ட நிறுவனத்தைச் சமாளிக்க முடியவில்லை என்று ஒரு நிறுவனர் சொல்கிறார். ‘ஆளை மாற்றுங்கள்’ என்று சொல்ல அரை நிமிடம் போதும். அது அவருக்கு ஏற்கெனவே தெரியும். ‘எனக்கும் இப்படி ஒருவர் இருந்தார். ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். அதற்குள் அவருக்குக் கீழே இருந்த நல்லவர்கள் இரண்டு பேர் போய்விட்டார்கள். கடைசியில் அவரிடம் பேசியபோது அவரே நிம்மதியானார்’ என்று ஒருவர் சொன்னால் கதை வேறு. கேட்பவருக்குத் தள்ளிப்போடுவதன் விலை தெரிகிறது, பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரிகிறது. முடிவு அவர் கையிலேயே இருக்கிறது. அடுத்த மாதம் அதே ஆட்கள் முன்னால் உட்கார்ந்து, ‘என்ன ஆயிற்று?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லவும் வேண்டியிருக்கிறது. எந்த மேடைப் பேச்சாளரும் கேட்காத கேள்வி அது.

இது வெறும் நம்பிக்கை இல்லை என்பதற்கு நல்ல ஆய்வுகள் உண்டு. சீனாவில் ஜிங் சாய், ஆடம் செய்தல் இருவரும் 2,820 இளம் நிறுவனங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் ஒரு பகுதியைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஓராண்டு மாதந்தோறும் கூட வைத்தார்கள். கூடாதவர்களோடு ஒப்பிட்டபோது, கூடியவர்களின் வருவாய் 8.1 சதவீதம் அதிகம். கூட்டங்கள் நின்று ஓராண்டு கழிந்த பிறகும் விளைவு நீடித்தது. 2018-ல் வெளியான இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இரண்டு செய்திகள். ஒரு முறை மட்டும் சந்தித்தவர்களைவிடத் தொடர்ந்து சந்தித்தவர்களிடையேதான் வணிக உறவுகள் அதிகம் உருவாயின. போட்டியாளர்களாக இல்லாதபோதுதான் அவர்கள் முக்கியமான தகவலை அதிகம் பகிர்ந்தார்கள்.

இந்தியாவில் வேகமாக வளரும் 100 தொழில்நுட்ப நிறுவனங்களின் நிறுவனர்களை வைத்து ஆரன் சாட்டர்ஜியும் மூன்று ஆய்வாளர்களும் செய்த பரிசோதனை 2019-ல் வெளியானது. ஒவ்வொருவருக்கும் இன்னொரு நிறுவனரிடமிருந்து நேரில் ஆலோசனை கிடைக்கச் செய்தார்கள். ஆலோசனை சொன்னவர்களில் சிலர் ஆட்களை ஒழுங்குமுறையோடு நிர்வகிப்பவர்கள்: தவறாமல் கூட்டம் போடுவது, இலக்கு வைப்பது, வேலையைப் பற்றி அடிக்கடி கருத்துச் சொல்வது. மற்றவர்கள் போகிற போக்கில் நிர்வகிப்பவர்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், முதல் வகையினரிடம் கேட்டவர்களின் நிறுவனங்கள் மற்றவர்களுடையதைவிட 28 சதவீதம் பெரிதாக இருந்தன. மூடிப்போகும் வாய்ப்பும் 10 சதவீதப் புள்ளிகள் குறைவு. தொலைநோக்கு, துணிச்சல் என்ற பெரிய சொற்களை விட்டுவிட்டு, வாரக் கூட்டத்தை ஒழுங்காக நடத்தும் ஒரு சக நிறுவனரிடம் பேசியதே இந்த வேறுபாட்டைத் தந்திருக்கிறது. தலைமைப் பண்பு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இத்தகைய சலிப்பூட்டும் ஒழுங்குதான். அதைப் புத்தகம் கற்றுத்தருவதைவிட, செய்துகொண்டிருக்கும் சமமானவர் நன்றாகக் கற்றுத்தருகிறார்.

மூன்றாவது ஆய்வு இன்னும் ஆச்சரியமானது. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் வகுப்புப் பிரிவுகளை ஆராய்ந்த ஜோஷ் லெர்னரும் உல்ரிகே மால்மெண்டியரும், ஏற்கெனவே தொழில் நடத்தியவர்கள் அதிகமுள்ள பிரிவிலிருந்து குறைவான பேரே தொழில் தொடங்கினார்கள் என்று 2013-ல் காட்டினார்கள். குறைந்தவை பெரும்பாலும் தோற்றுப்போகக்கூடிய முயற்சிகள். அனுபவமுள்ள தோழர்கள் பலவீனமான யோசனையைத் தொடக்கத்திலேயே கேள்வி கேட்டிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். உற்சாகம் கொடுப்பதையே துணை என்று நினைக்கிறோம். ‘இது வேண்டாம்’ என்று சரியான நேரத்தில் சொல்வதும், ஒருவருடைய சேமிப்பையும் ஐந்தாண்டுகளையும் காப்பாற்றுவதும் அதைவிடப் பெரிய துணை.

இனி குறைகள். முதல் குறை, வென்றவரின் கதையை விதியாக்குவது. ஏர்பிஎன்பி நிறுவனர் பிரையன் செஸ்கியின் பேச்சைக் கேட்டு ஒய் காம்பினேட்டரின் இணை நிறுவனர் பால் கிரஹாம் 2024 செப்டம்பரில் எழுதிய கட்டுரை இதற்கு நல்ல சான்று. நல்லவர்களை வேலைக்கு எடுத்து அவர்களைச் சுதந்திரமாக விடுங்கள் என்ற வழக்கமான அறிவுரை தன் நிறுவனத்தைக் கெடுத்தது என்றார் செஸ்கி. அரங்கில் இருந்த பல வெற்றிகரமான நிறுவனர்களும் தங்களுக்கும் அப்படியே நடந்தது என்றார்கள். சமமானவர்களின் அனுபவம் ஒரு பொய்யான பொதுப்புத்தியை உடைத்த தருணம் அது. அதன் மதிப்பை மறுக்க முடியாது. ஆனால் எல்லாவற்றையும் தானே பார்த்துத் தன் நிறுவனத்தை மூடியவர் அந்த அரங்கில் பேசவில்லை. நிறுவனரே நேரடியாக இறங்கி நடத்த வேண்டும் என்ற இந்தக் கருத்தை, பொறுப்பைப் பகிர்ந்து கொடுக்கத் தெரியாதவர்கள் சாக்காக எடுத்துக்கொள்வார்கள் என்று கிரஹாமே அந்தக் கட்டுரையில் எச்சரித்தார். ஒரே விதமாகத் தப்பித்தவர்கள் தலையாட்டுவது சான்றாகிவிடாது. தோற்றவர்களுக்கும் நாற்காலி போடும் வட்டமே நம்பத்தக்கது.

இரண்டாவது குறை, வாசலில் இருக்கிறது. இ.ஓ. அமைப்பில் முழு உறுப்பினராக ஆண்டு வருவாய் 10 லட்சம் டாலருக்கு மேல் இருக்க வேண்டும். ஒரே அளவில் உள்ளவர்களைச் சேர்க்க இப்படி ஒரு கோடு தேவை என்பதில் நியாயம் உண்டு. ஆனால் மிக அதிகமாகத் தடுமாறுகிறவர் கோட்டுக்கு வெளியே நிற்கிறார். முறைசாரா வட்டங்களில் கோடு எழுதப்படுவதில்லை. அதனால் அது இன்னும் கடினமானது. ஒரே கல்லூரியில் படித்திருக்க வேண்டும், சரளமாக ஆங்கிலம் பேச வேண்டும், வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்குச் சந்திக்க வர முடிய வேண்டும். திருநெல்வேலியில் உணவுப் பதப்படுத்தும் தொழில் தொடங்கிய பெண்ணுக்கு இந்த மூன்றுமே தடையாகலாம். பிறப்பு தீர்மானித்ததைக் கல்லூரிப் பட்டம் தீர்மானித்தால், பழைய கூடத்தின் கதவைப் புதிய பூட்டால் பூட்டியதாகவே ஆகும்.

மூன்றாவது, பணம். முதலீட்டு நிறுவனங்களே வட்டங்களை நடத்துவது பெருகியிருக்கிறது. அறையும் ஒழுங்கும் கிடைப்பது நன்மை. ஆனால் அடுத்த சுற்று முதலீட்டை முடிவு செய்பவரின் பிரதிநிதி அறையில் இருந்தால், நிறுவனர் தன் சிக்கலைப் பாதி வெற்றிக் கதையாக மாற்றித்தான் சொல்வார். அந்த நிமிடத்தில் அது மீண்டும் மேடையாகிவிடுகிறது.

நான்காவது குறையைப் பற்றி மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. என்னை அதிகம் உறுத்துவதும் இதுதான். தலைமை என்பது பிறரை நடத்துவது. அந்தப் பிறர் வட்டத்தில் இல்லை. நிறுவனர் சொல்லும் கதையில் வேலையை விட்டுப் போனவர் எப்போதும் விசுவாசமற்றவர், எதிர்த்துப் பேசியவர் எப்போதும் சூழலைக் கெடுத்தவர். மற்ற பக்கத்தைச் சொல்ல யாருமில்லாதபோது, தோழர்களின் அனுதாபம் அந்தக் கதையை உறுதி செய்துவிடுகிறது. ஆட்குறைப்பைப் பற்றிய பேச்சில் ‘எனக்கு அது எவ்வளவு வலித்தது’ என்பது நீளமாகவும், போனவர்களுக்கு எத்தனை மாதச் சம்பளம் கொடுத்தோம் என்பது சுருக்கமாகவும் இருந்தால், அந்த வட்டம் தன் வேலையைச் செய்யவில்லை. ‘அவரிடம் கேட்டால் இதை எப்படிச் சொல்வார்?’ என்று ஒருவராவது கேட்க வேண்டும்.

கடைசியாக, மனநலம். கலிபோர்னியாவின் மனநல மருத்துவர் மைக்கேல் ஃப்ரீமன் 2015-ல் வெளியிட்ட ஆய்வில் 242 தொழில்முனைவோர் பங்கேற்றனர். அவர்களில் 49 சதவீதத்தினர் வாழ்வில் ஒருமுறையாவது ஏதேனும் ஒரு மனநலச் சிக்கலை அனுபவித்ததாகச் சொன்னார்கள். இது அவர்கள் தாமே சொன்ன தகவல். தேர்ந்தெடுத்த சிறு குழு. இருந்தாலும் அலட்சியப்படுத்த முடியாத அளவு. ‘எனக்கும் இப்படித்தான் இருந்தது’ என்று ஒருவர் சொல்வது பெரிய ஆறுதல். ஆனால் தூங்க முடியாமல், வாழவே பிடிக்காமல் இருக்கும் ஒருவருக்கு ஆறுதல் போதாது, மருத்துவர் வேண்டும். அந்த வேறுபாட்டை அறிந்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே நல்ல நண்பர்களின் கடமை. எல்லாத் துயரத்தையும் தொழிலின் இயல்பான போராட்டம் என்று புகழும் வட்டம் ஆபத்தானது.

இந்தக் குறைகள் எதுவும் வழக்கத்தைக் கைவிடச் சொல்லவில்லை. எப்படி நடத்த வேண்டும் என்று சொல்கின்றன. எட்டுப் பத்துப் பேர், போட்டியாளர்கள் கூடாது, முதலீட்டாளர் கூடாது, ஓராண்டுக்காவது மாதந்தோறும் அதே ஆட்கள், தோற்றவருக்கும் இடம், போன மாதம் சொன்னதைப் பற்றி இந்த மாதம் கேள்வி. இதற்குப் பெரிய செலவில்லை. ஓர் அறையும், பேச்சை நெறிப்படுத்தத் தெரிந்த ஒருவரும் போதும். மதுரையிலும் திருநெல்வேலியிலும் ஈரோட்டிலும் வட்டார மையம் வைத்திருக்கும் தமிழக அரசின் புத்தொழில் அமைப்பான ஸ்டார்ட்அப் டிஎன், பரிசுப் போட்டிகளுக்கும் மாநாடுகளுக்கும் தரும் கவனத்தில் ஒரு பங்கைத் தமிழில் நடக்கும் இத்தகைய சிறு வட்டங்களுக்குத் தர வேண்டும். கல்லூரி வளாகங்களில் உள்ள தொழில் வளர்ப்பு மையங்களும் தர வேண்டும். அவற்றின் வெற்றியை வந்தவர்களின் எண்ணிக்கையால் அளக்கக் கூடாது. வட்டத்தில் பேசியதால் ஒரு நிறுவனத்தில் சம்பளம் நேரத்துக்கு வந்ததா, வாரக் கூட்டம் ஒழுங்காக நடந்ததா, ஓர் ஊழியருக்குத் தன் வேலை என்னவென்று தெளிவாகத் தெரிந்ததா என்று கேட்க வேண்டும். அங்கே எதுவும் மாறவில்லை என்றால், நிறுவனர்கள் எவ்வளவு மனம் திறந்து பேசியிருந்தாலும் அந்த வட்டம் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது.