காடு அறியாமல் ஓடும் வண்டி

அமெரிக்காவின் டெக்சாஸில் மான் வேட்டை பெரும்பாலும் தனியார் நிலங்களில்தான் நடக்கிறது. விடியுமுன் பரண்வரை போய்ச் சேரக் கல்லும் முள்ளும் தாண்டும் சிறு வண்டி வேண்டும். பெட்ரோல் எஞ்சின் உறுமினால் வெள்ளைவால் மான் எச்சரிக்கையாகிவிடும். அதன் காதுகள் தனித்தனியே திரும்பித் திசையைப் பிடிப்பவை. மின்வண்டியின் மேல் எனக்குள்ள பிரியம் அங்கே தொடங்குகிறது.

2021 இறுதியில் போலாரிஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ரேஞ்சர் எக்ஸ்பி கைனெட்டிக் என்ற மின்வண்டியைப் பாருங்கள். 110 குதிரைத்திறன். அந்த எண்ணைவிட என்னைக் கவர்வது அதன் நிதானம். நின்ற நிலையிலிருந்தே முழு இழுவிசை கிடைப்பதால், பாறைச் சரிவில் நடைவேகத்தில் அங்குலம் அங்குலமாக ஏறலாம். புகை நாற்றமும் இல்லை. மானுக்கு மூக்கும் கூர்மையாயிற்றே!

எஞ்சின் சத்தம் போனதும் அதுவரை அமுங்கிக் கிடந்தவை கேட்கத் தொடங்கும். சரளையை நெரிக்கும் டயர், பின்தொட்டியில் உருளும் கருவிகள், தளர்ந்த ஒரு போல்ட். ஆகவே வாங்குமுன் தார்ச்சாலையில் அல்ல, சரளைப் பாதையில் ஓட்டிக் கேட்க வேண்டும்.

அந்த வண்டியின் சிறிய பேட்டரி 14.9 கிலோவாட் மணி. நிறுவனக் கணக்கில் ஒரு சார்ஜில் சுமார் 72 கிலோமீட்டர் ஓடும். பெரியதன் கொள்ளளவு அதைப்போல் இரு மடங்கு; ஓடும் தூரம் சுமார் 128 கிலோமீட்டர். வேட்டைக்காலமோ குளிர்காலத்தை ஒட்டியது. குளிரும் சுமையும் சேர்ந்தால் அந்தத் தூரம் குறையும். நிலம் பெரிதென்றால் பெரிய பேட்டரியே என் தேர்வு. சார்ஜ் செய்யக் கொட்டகையில் 240 வோல்ட் இணைப்பு உண்டா என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள்.